ஏபி தேர்வில் 3 வந்துவிட்டது, காட்டலாமா?

பிளேனோ அம்மா:
மகள் 11ஆம் வகுப்பு முடித்துவிட்டாள். இங்கே அமெரிக்காவில் பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடமான ஏபி வேதியியல் வகுப்பில் வருடம் முழுக்க ஏ கிரேடு, ஆனால் மே மாதம் எழுதிய தேர்வுக்கு நேற்று மதிப்பெண் வந்தது, 5-க்கு வெறும் 3. கால்குலஸ் பிசி என்ற கணித ஏபியில் 5 வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, லேப்டாப்பை மூடியவள் ராத்திரி தோசையைக்கூடத் தொடவில்லை. கல்லூரி அட்மிஷனில் இது எவ்வளவு அடிக்கும்? சொல்லாமல் விட்டால் மறைத்ததாக ஆகிவிடுமா?

ஃப்ரீமாண்ட் அப்பா:
அக்கா, முதலில் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் ஏபி மதிப்பெண்ணை நாமேதான் நிரப்புகிறோம், பெரும்பாலான கல்லூரிகளுக்கு 5-ஐ மட்டும் போட்டால் போதும், அதில் தப்பே இல்லை. யோசித்துப் பாருங்கள், 12ஆம் வகுப்பில் எழுதும் ஏபிக்கு மதிப்பெண் ஜூலையில்தான் வரும், கல்லூரிகள் முடிவு சொல்வதோ மார்ச் கடைசிக்குள். அந்த மதிப்பெண்ணைப் பார்க்காமலேதான் எடுக்கிறார்கள். பள்ளியில் இருந்த கடினமான பாடங்களை எடுத்தாளா, என்ன கிரேடு வாங்கினாள், அதுதான் பேசும். அந்த ஏ அவளுடைய உழைப்பு, அது பள்ளி அனுப்பும் கிரேடு பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட்டில் பத்திரமாக இருக்கிறது.

கவுன்சிலர் அக்கா:
பொதுவாகச் சரி, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. யேல் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்குப் பதில் ஏபி மதிப்பெண் கொடுக்கலாம், ஆனால் அப்படிக் கொடுத்தால் அதுவரை எழுதிய எல்லா ஏபியையும் காட்ட வேண்டும், 3-ஐ மட்டும் ஒதுக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி இங்கிலாந்துப் பக்கம் யோசித்தால் அங்கே ஏபி மதிப்பெண்ணே தகுதி, 5 கேட்பார்கள். அப்புறம் கிரெடிட், அதாவது கல்லூரியில் அந்தப் பாடத்தை ஏற்கனவே முடித்ததாகக் கணக்கில் எடுக்கும் விஷயம், அது அட்மிஷனோடு சேராத தனிக் கணக்கு. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பல பாடங்களுக்கு 3 இருந்தாலே கிரெடிட் உண்டு. எம்ஐடியிலோ வேதியியலில் 5 வாங்கினாலும் கிடையாது, கால்குலஸ் பிசி 5-க்கு உண்டு.

பிளேனோ அம்மா:
நன்றி இரண்டு பேருக்கும். அவளுக்கு முதல் விருப்பம் ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம்தான். அப்படியென்றால் இப்போது 5-ஐ மட்டும் போட்டுவிட்டு, இடம் கிடைத்த பிறகு கிரெடிட்டுக்காக 3-ஐ அனுப்பலாம்தானே?

கவுன்சிலர் அக்கா:
தாராளமாக. ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து போகும் அறிக்கையில் எல்லாமே சேர்ந்து போகும், அதற்குள் அவள் உள்ளே போயிருப்பாள். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதை மட்டும் அவர்கள் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.