கண்ணாடி அலுமாரிக்குள் இருப்பதைப் படம் எடுக்க வழி?

வெள்ளவத்தை வாசி:
காலி வீதியில் கடற்பக்கமாக ஒரு ஐயா தன் வீட்டு முன்னறையையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார். வால்வு ரேடியோ, கழுத்தில் கண்ணாடிக் குண்டு சிக்கிய சோடாப் போத்தல்கள், அம்பலாங்கொடை முகமூடி ஒன்று (அதன் கீழே "என் மாமனார்" என்று கையால் எழுதிய துண்டு!), எல்லாம் கண்ணாடி அலுமாரியில். படத்திலோ வீதியில் போகிற பஸ்ஸும் என் முகமும்தான் பளிச்சென்று விழுகின்றன, போதாததற்குக் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வேறு. ஃபிளாஷ் கூடாது, அலுமாரியையும் திறக்க மாட்டார். மிரர்லெஸ் கமெரா, 18-55 லென்ஸ். கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் சரிவருமா?

பழைய கமெராக்காரன்:
அவசரப்பட்டு வாங்காதீர்கள் தம்பி. கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் போலரைசர் ஒன்றும் செய்யாது, அந்த நேர்கோட்டிலிருந்து 55 பாகை அளவுக்குச் சரிவாக நின்றால்தான் நன்றாக வேலை செய்யும், அதோடு ஒன்றரை ஸ்டொப், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். லென்ஸ் முனையில் ரப்பர் ஹூட் (பக்க வெளிச்சத்தை மறைக்கும் வளையம்) ஒன்றைப் போட்டுக் கண்ணாடியோடு ஒட்டி எடுங்கள். நேரமும் முக்கியம்: கடற்பக்க வீடு என்றால் வாசல் கிழக்கே பார்க்கும், காலையில் வெயில் நேரே உள்ளே வரும், பின்னேரம் எதிர்ப்பக்கக் கட்டடங்கள் வெயிலில் மின்னி அப்படியே கண்ணாடியில் விழும். இருட்டிய பிறகு போங்கள்.

மின்னல்:
பட்டைகளுக்குக் காரணம் டியூப் லைட். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் விளக்கு செக்கனுக்கு 100 தடவை மங்கி எரியும். நீங்கள் சைலன்ட் ஷட்டரில் (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) எடுத்திருப்பீர்கள், அது படத்தை வரிவரியாகப் பதிவதால் அந்த ஏற்ற இறக்கம் பட்டையாகத் தெரியும். அதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 அல்லது 1/50 செக்கன் வையுங்கள். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

வெள்ளவத்தை வாசி:
நன்றி. ஆனால் ஒட்டி எடுத்தால் முழு அலுமாரியும் வராதே அண்ணா?

பழைய கமெராக்காரன்:
வராது. அதற்குக் கறுப்புப் படுக்கை விரிப்பு ஒன்றில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு, கமெராவுக்கு முன்னால் இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் நின்று எடுங்கள். கண்ணாடியில் கறுப்பு மட்டும்தான் விழும். அந்த எழுத்துத் துண்டுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள், முகமூடியை அம்பலாங்கொடையிலேயே எடுக்கலாம், மாமனாரை எடுக்க முடியாது.

வெள்ளவத்தை வாசி:
ஐயாவிடம் இருட்டிய பிறகு வரலாமா என்று கேட்டேன், சீரியல் முடியட்டும் என்கிறார். எட்டு மணிக்கு விரிப்போடு போகிறேன்.