‘பிளாங்க்’ என்பதற்கு ‘வெற்றுக்கோல்’ பொருந்துமா?

கலைச்சொல் குழுவில் அனைவருக்கும் வணக்கம். பிடியும் வளையமும் ஏறுவதற்கு முன் இருக்கும் தூண்டில்கோலின் உடலை ஆங்கிலத்தில் ‘பிளாங்க்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடியபோது ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> தூண்டில் ‘பிளாங்க்’ = வெற்றுக்கோல். பொருள் தெளிவாகவே இருக்கிறது. இத்துடன் இதை முடித்துக்கொள்வோமா?

இன்னும் ஒரு நாள் பொறுங்கள் ஐயா. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்கிறவனை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் ஷாஃப்ட் கடைவதுதான் பிழைப்பு. சூலூர்ப் பக்கம் ஒரு தம்பி கடலில் பெரிய மீன் பிடிப்பதற்கான தூண்டில்கோல்களைக் கையாலேயே செய்கிறார். கொங்கு நாட்டில் கடல் ஏது என்று கேட்காதீர்கள். வாங்குகிறவர்கள் அந்தமான் வரைக்கும் போய்ச் சூரையும் மயில்மீனும் பிடிக்கிறவர்கள். அவருக்கு மேண்ட்ரல், அதாவது கோலைச் சுருட்டி எடுக்க உள்ளே கொடுக்கும் அச்சுக் கம்பி, கடைந்து கொடுப்பது நான். வேலை பழகும் பையன்களுக்குத் தமிழில் ஒரு செய்முறைத் தாள் வேண்டும் என்றார். எழுத உட்கார்ந்தேன், மூன்றாவது வரியிலேயே இந்தச் சொல் வழிமறித்துவிட்டது.

எங்கள் பட்டறையில் பிளாங்க் என்றால் இனிமேல்தான் வெட்ட வேண்டியது. கியர் பிளாங்க் வந்தால் அதில் பல் போட வேண்டும். சாவிக் கடையில் பிளாங்க் என்றால் இன்னும் அரம் படாத சாவி. தூண்டில் பிளாங்க் அப்படி இல்லை. அடுப்பை விட்டு வெளியே வரும்போதே அதன் தலையெழுத்து முடிந்துவிடுகிறது: எங்கே வளையும், எவ்வளவு பளு தாங்கும், வளைந்தபின் எவ்வளவு வேகத்தில் நிமிரும், எல்லாமே. அப்புறம் ஏறுவது பிடி, ரீல் உட்காரும் இடம், வளையங்கள், அவற்றைக் கட்டும் நூல், நூலுக்கு மேல் எபாக்ஸிப் பிசின் பூச்சு. ‘வெற்று’ என்று எழுதினால் பையன் அதைக் கச்சாப்பொருள் என்று நினைத்துச் சுவரோரம் இரும்புக் கம்பிகளோடு சாய்த்து வைத்துவிடுவான்.

அது எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால் என் பிடிவாதம் புரியும். ரெசின் என்ற பிசின் ஊறிய கண்ணாடியிழைத் துணியையோ கார்பன் துணியையோ ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வெட்டுகிறார்கள். அதன் ஓரத்தைச் சூடான இஸ்திரிப்பெட்டியால் மேண்ட்ரலின் மேல் ஒற்றி ஒட்டி, பலகைகளுக்கு நடுவே அழுத்தி, பாய் சுருட்டுகிற மாதிரி உருட்டுகிறார்கள். மேலே செல்லோஃபேன் நாடாவை இழுத்துப் பிடித்து நெருக்கமாகச் சுற்றி அடுப்பில் தொங்கவிடுகிறார்கள். சூட்டில் நாடா சுருங்கும். உள்ளே இருக்கும் காற்றையும் மிச்ச ரெசினையும் பிழிந்து தள்ளும். வெந்தபிறகு மேண்ட்ரலை உருவிவிட்டு நாடாவை உரித்தால் மெல்லிய திருகு வரிகளோடு உள்ளே கூடான ஒரு தண்டு கிடைக்கும்.

உருவினால் வர வேண்டும், அதுதான் பாடு. முதல் தடவை நான் கடைந்து கொடுத்த மேண்ட்ரலில் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு டூல் மார்க் இருந்தது. நீளமான மெல்லிய கம்பி, நடுவில் தாங்கிப் பிடிக்க ஸ்டெடி போட்டும் அதிர்ந்துவிட்டது. பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று விட்டேன். ரெசின் அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ரெண்டு பேர் இழுத்தும் அசையவில்லை. கடைசியில் தண்டை நீளவாக்கில் அறுத்துத்தான் கம்பியை மீட்டோம். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று. துணியின் ஓரங்கள் படியும் இடத்தில் சுவர் கொஞ்சம் தடிக்கும். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவில் அழுத்தி உருட்டினால் ஒரு பக்கத்தில் ‘டக்’கென்று தானாகத் திரும்பி உட்காரும். இதை ‘ஸ்பைன்’ என்கிறார்கள். நான் ‘முதுகு’ என்று எழுதிவிட்டேன், யாரும் சண்டைக்கு வரவில்லை. அதைப் பார்க்காமல் வளையத்தைக் கட்டினால், மீன் இழுக்கும்போது கோல் கைக்குள்ளேயே முறுக்கும் என்பார்கள்.

இப்படி முதுகும் குணமும் உள்ளதை வெற்று என்று சொல்ல மனம் வரவில்லை. ‘கழை’ என்று சொல்லலாமா? வளையமும் பிடியும் ஏறியபின் ‘தூண்டில்கோல்’.

---

மறுமொழி, கோபியிலிருந்து:

தம்பி, ‘கழை’ எனக்கும் பிடித்த சொல்தான். பெரும்பாணாற்றுப்படையிலேயே ‘நெடுங்கழைத் தூண்டில்’ வருகிறது, ஆகவே சான்றுக்குக் குறைவில்லை. ஆனால் கழை என்றால் மூங்கில் அல்லவா? கண்ணாடியிழையில் செய்ததை மூங்கில் என்று எழுதினால் பள்ளிப் பிள்ளைகூடக் கேட்கும். ‘கோல்தண்டு’ என்றால் வம்பில்லையே?

---

ஐயா,

சங்கப் பாட்டில் ஒரு வரி அகப்பட்டால்தான் இந்தக் குழுவில் எந்தச் சொல்லும் கரையேறும். நல்லவேளை, நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

மூங்கில் விஷயம்: தறி என்றாலும் முதலில் நட்டுவைத்த கம்பம்தானே? கட்டுத்தறியில் மாடு கட்டினார்கள். இன்றைக்குச் சோமனூரில் தறி ஓடுகிறது என்றால் கம்பம் ஓடுகிறது என்று யாரும் நினைப்பதில்லை. ‘தண்டு’ வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. எங்கள் ஊரில் தண்டு என்றால் ஷாஃப்ட்: முழு இரும்பு, ஒரே கனம், வளையவே கூடாது. வளைந்தால் பம்ப்செட்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். கழையோ உள்ளே கூடு, அடி பருத்து நுனி சிறுத்தது, வளைந்து நிமிர்வது. நமக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன. அதோடு, கண்ணாடியிழை வருவதற்கு முன்னால் நல்ல கோல்களை மூங்கிலில்தான் செய்தார்கள். பிளந்து, முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டையை அறுகோணமாகச் சேர்த்து ஒட்டினார்கள். அதையும் இதையும் ஒரே சொல்லில் அடக்கலாம்.

மீன்பிடி நரம்பு ஓடும் வளையத்தைத்தான் ‘கைடு’ என்கிறார்கள். அதற்கு வந்த ‘வழிகாட்டி’ வேண்டவே வேண்டாம். ஊசிக்கும், தறியில் பாவு நூல் நுழையும் விழுதுக்கும் கண் இருக்கிறது. தூண்டிலுக்கு ‘நரம்புக்கண்’ என்று போட்டிருக்கிறேன். பெரிய மீன் கோலில் அந்தக் கண்ணுக்குள் சின்ன உருளை சுழலும், உராய்வில் நரம்பு தேயாமலிருக்க. அது ‘உருளைக்கண்’. எபாக்ஸி பூசியபின் கோலை மணிக்கணக்கில் மெதுவாகச் சுழற்றுகிற மோட்டாருக்குப் பெயர் தேடவில்லை. பையன்கள் ஏற்கெனவே ‘கிரில் மோட்டார்’ என்கிறார்கள், கோழியை நினைத்து.

மிச்சம் இருப்பது ‘கிம்பல்’. கோலின் அடியில், படகு நாற்காலியின் குழிக்குள் உட்காரும் உலோக மூடி. குழியில் இருக்கும் குறுக்கு ஊசியில் மாட்டிக்கொள்ள அடிப்பக்கம் சிலுவை மாதிரி வெட்டியிருக்கும். மாட்டினால் கோல் திரும்பாது. ‘கவைப்பூண்’ என்று எழுதியிருக்கிறேன். சிலம்புக் கம்புக்குப் போடும் பூண்தான் நினைவுக்கு வந்தது, ஆனால் ‘கவை’ உறுத்துகிறது. கவை என்றால் ரெண்டு கிளை, இதில் நாலு. சனிக்கிழமை தாளை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் நல்லதாக ஒன்று தோன்றினால் சொல்லுங்கள் ஐயா.