எஞ்சின் நிண்டமாதிரி நடிச்சுப் பழகின நாள்

கொக்குவில் பெடியன்:
சின்னனிலை ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்கை பாஞ்ச ஆள் நான். பேந்து அவுஸ்திரேலியாவிலை அதையே ஓட்டப் பழகினனான். அம்மா இண்டைக்கும் ஏசுவா.

எஞ்சின் நிண்டால் ஹெலி கல்லுமாதிரி விழும் எண்டு எங்கடை சனம் நினைக்கிறது. இல்லை. இடக்கை லீவரை உடனை அமத்தினால் கீழையிருந்து வாற காத்திலை விசிறி தன்பாட்டிலை சுத்தும். ஓட்டோறொட்டேசன் எண்டுறது இதைத்தான். ஆனால் நான் பழகின ஆர்22 எண்ட ரெண்டுபேர் ஏறுற சின்ன ஹெலிக்கு விசிறி பாரம் குறைவு. கை ரெண்டு செக்கன் பிந்தினாலே சுத்து விழுந்திடும், பேந்து எடுக்கேலாது.

அண்டைக்குப் பனி ஈரமான காலமை. எஞ்சின் நிண்டமாதிரிப் பழக, வாத்தியார் துறொட்டிலை, அதுதான் எஞ்சினைக் கூட்டிக் குறைக்கிற திருகுபிடியை, மூடினார். 65 நொட் வேகத்திலை இறங்கிறம். 40 அடியளவிலை மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கவேணும், பேந்து எஞ்சினை ஏத்தி அந்தரத்திலை நிக்கவேணும். நான் பிந்திப் போனன். வாத்தியார் 'இவன் இப்ப செய்வான்' எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டார். கடைசியிலை துறொட்டிலைத் திருகினார். எஞ்சின் ரெண்டுதரம் இருமிப்போட்டு அடங்கிப்போச்சு. காபரேற்றருக்கை, அதுதான் காத்தும் பெற்றோலும் கலக்கிற இடத்திலை, ஐஸ். சூடு விடுற பிடியை ரெண்டுபேரும் இழுக்கேல்லை. நடிப்பு நிசமாப் போச்சு.

லீவரை இழுக்கேக்கைதான் விசிறிச் சுத்து குறைஞ்சிட்டுது எண்டு ஹோர்ன் கத்தினது. நிலத்திலை அடிச்ச அடியிலை ஹெலியின்ரை கால் ரெண்டும் விரிஞ்சு, விசிறி வளைஞ்சு வாலைத் தறிச்சுப் போட்டுது. எல்லாம் அடங்கின பிறகும் வாத்தியாற்றை கை துறொட்டிலைத் திருகிக்கொண்டே இருந்தது. எனக்கு நாரிநோ, அவருக்கு ஒண்டுமில்லை.

பழைய மெக்கானிக்:
தம்பி, பயிற்சியிலை உடைஞ்சு எங்கடை ஹாங்கருக்கு வந்த ஹெலியளிலை அனேகம் உப்பிடித்தான், காலும் வாலும். எஞ்சினிலை பிழை கண்டது அருமை. வாத்தியார் கையை வைக்கிறது ஒரு செக்கன் பிந்துறதுதான் வில்லங்கம். 1995 இலை அமெரிக்காவிலை ஆர்22, ஆர்44 ரெண்டுக்கும் எண்டு தனிப் பயிற்சி விதி போட்டவை, சும்மா இல்லை.

வடமராட்சியாள்:
அப்ப ஏன் அண்ணை நிலம்வரைக்கும் இறக்கிப் பழகிறியள்? மேலையே நிப்பாட்டலாமே?

பழைய மெக்கானிக்:
கடைசி 40 அடிதான் பாடம், தம்பி. அதை மேலை நிண்டு படிக்கேலாது. ஆனால் புதுப் பெடியனோடை முழுக்க இறக்கிறதிலை எனக்கு விருப்பமில்லை. எஞ்சினை நேரத்தோடை ஏத்திப்போட்டுத் திருப்பி ஏறுறது போதும்.

வடமராட்சியாள்:
கொக்குவில் அண்ணை, பிறகு ஓட்டினனீங்களோ?

கொக்குவில் பெடியன்:
மூண்டு கிழமையாலை. வேறை வாத்தியார். ஏறினவுடனை சூட்டுப் பிடியை இழுத்து இழுத்துப் பாத்தன். 'பிடுங்கிப்போடாதை' எண்டார்.