மீன்குழம்பைப் பைக்குள் அடைத்த அனுபவம்: ஆய்வகத்திலிருந்து கடைக்கு

தூத்துக்குடியிலிருந்து:

உணவு கெடாமல் காக்கும் புது முறை ஒன்றை ஆய்வு நிறுவனத்தில் கற்றுக்கொண்டு, அதைத் தொழிலாகச் செய்து பார்த்தவர்கள் இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுச் சீலா மீன்குழம்பை ரிட்டார்ட் பையில் அடைத்து விற்கிறேன். ரிட்டார்ட் என்றால் பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பைப் பையில் நிரப்பி, வாயை ஒட்டி, உள்ளே அடுக்கி 121 டிகிரி வரை சூடேற்றி எடுத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே ஒரு வருஷம் நிற்கும். கெமிக்கல் எதுவும் சேர்ப்பதில்லை. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் ஊர் மீன்குழம்புகளை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறது. மைசூரில் ராணுவத்துக்கான உணவு ஆய்வகமும் இதில் நிறையச் செய்திருக்கிறது. நான் பயிற்சி எடுத்தது வேறொரு இடம், பெயர் வேண்டாம். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அங்கே 20 பைகள் போட்டோம். ஒன்றுகூடக் கெடவில்லை. அந்தத் தைரியத்தில் பேங்க் லோன் வாங்கினேன். மத்திய அரசின் குறு உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் கிடைத்தது, அதற்கு உச்சவரம்பு 10 லட்சம். சின்ன ரிட்டார்ட் ஒன்று வாங்கி முதல் ஈடாக 400 பை போட்டுக் கடைகளுக்கு அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் திருநெல்வேலியிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, பை உப்பியிருக்கு." அன்றே வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எல்லாக் கடையிலும் சேர்த்து 11 பை. மீதியைத் திரும்ப வாங்கிக் குழி வெட்டிப் புதைத்தேன். நல்லா இருக்கிறதை விற்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். மனசு வரவில்லை. மீன்குழம்பில் காற்றில்லாத இடத்தில் வளரும் விஷக்கிருமி எது என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. ஆய்வகத்தில் ஒருவர் புனல் வைத்து ஊற்றுவார், இன்னொருவர் ஒவ்வொரு பையின் விளிம்பையும் துணியால் துடைப்பார். அதற்குப் பிறகுதான் ஒட்டுவார்கள். இங்கே நான்கு பேர் மளமளவென்று நிரப்பினோம். குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெய் விளிம்பில் பட்டுவிட்டது. எண்ணெய் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் ஒட்டியது போலத் தெரியும், உண்மையில் ஒட்டியிருக்காது. துடைக்கிற வேலை எனக்குக் கொடுத்த கையேட்டில் இல்லை. அங்கே இருந்தவர்களுக்குக் கை பழகிப்போனதால் அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை போலும்.

பைலட் பிளான்ட்டில் (ஆய்வு நிறுவனத்தின் சிறு சோதனைத் தயாரிப்புக் கூடத்தில்) வேலை பார்த்த ஒருவர்:

அண்ணாச்சி, அந்த 400 பையையும் புதைத்தது சரியான முடிவு. உங்களுடையது ஒட்டுக் கசிவுதான் என்று எனக்கும் படுகிறது. சூடு போதாமல் கெட்டால் ஒரு ஈட்டில் நிறையப் பைகள் ஒரே மாதிரி கெடும். கசிவு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக உப்பும். ஆறவைக்கும் தண்ணீரைப் பை உள்ளே இழுத்திருக்கும், அந்தத் தண்ணீருக்குக் குளோரின் போடுகிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுகிறீர்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் சொன்ன விஷக்கிருமியின் பெயர் போட்டுலினம். அதன் வித்துகள், அதாவது கொதிக்கிற சூட்டையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம், 121 டிகிரியில் ஏறக்குறைய 0.2 நிமிடத்துக்கு ஒருமுறை பத்தில் ஒன்றாகக் குறையும். இப்படிப் பன்னிரண்டு முறை குறைய வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற கணக்கு. அதனால்தான் குறைந்தது 3 நிமிடம் என்பார்கள். மீன்குழம்புக்கு நடைமுறையில் அதைவிடப் பல மடங்கு கொடுப்போம், ஏனென்றால் அதைவிடத் தாக்குப்பிடிக்கும் வித்துகளும் உண்டு. ஆனால் இந்த 3 நிமிடம் கருவியின் முள்ளில் தெரியும் நிமிடம் இல்லை. பைக்குள் கடைசியாகச் சூடேறும் இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு.

நீர்த்த புளிக்குழம்பு பைக்குள்ளேயே சுழன்று சூட்டைக் கொண்டுபோகும். தேங்காய் அரைத்த கெட்டிக் குழம்பு சுழலாது, சூடு மெல்ல ஊர்ந்துதான் நடுவுக்குப் போக வேண்டும். பையில் 50 கிராம் கூட ஊற்றினாலே கணக்கு மாறிவிடும். ஆய்வு நிறுவனம் எழுதிக் கொடுத்த நேரம் அவர்கள் வைத்த குழம்புக்கு. உங்கள் அம்மா கைப்பக்குவத்துக்குத் தெர்மோகப்பிள் என்னும் சூடு அளக்கும் கம்பியைப் பையின் நடுவில் செருகி மறுபடி அளந்தே ஆக வேண்டும். தொழில்நுட்பம் வாங்கிப் போனவர்களில் பலர் இதற்காகத் திரும்பி வருவதில்லை என்பதுதான் எங்கள் கவலை.

கிருஷ்ணகிரியிலிருந்து:

எங்கள் கதை மாம்பழம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஹெக்சனால் கலவையைப் பற்றி ஆராய்ந்தது சிலருக்குத் தெரிந்திருக்கும். புல் வெட்டினால் வருகிற பச்சை வாசம் இருக்கிறதே, அதில் இருக்கும் பொருள்தான் ஹெக்சனால். பழத்தின் செல் சவ்வைக் கரைக்கும் நொதியை அது தடுத்து வைக்கும். அறுவடைக்கு முன்பு மரத்தில் தெளித்தால் காய் பழுப்பது தள்ளிப்போகும்.

தெளித்த ஒரு தோப்பைப் போய்ப் பார்த்தேன். பக்கத்து மரங்களில் பழம் உதிர்ந்து கிடந்தபோது அந்த மரங்களில் காய் அப்படியே நின்றது. எல்லாத் தோப்பும் ஒரே வாரத்தில் பழுத்து மண்டியில் விலை விழுவதுதான் எங்கள் தலைமுறைத் துயரம். பத்து நாள் கிடைத்தால் போதும், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அந்த ஆசையில் அடுத்த பருவம் எங்கள் ஊர் உரக்கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. பூச்சிமருந்துபோல உரக்கடையில் டப்பாவில் கிடைத்தால்தான் விவசாயி வாங்குவான். ஆய்வு முடிந்ததற்கும் டப்பா வருவதற்கும் நடுவில் அதைத் தயாரிக்க ஒரு கம்பெனி முன்வர வேண்டும், அனுமதி வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். இதையெல்லாம் யார் முன்னின்று செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒசாகாவில் சில வருஷம் இருந்த ஒருவர்:

ரிட்டார்ட் பை பற்றிப் பேசுவதால் இதைச் சொல்கிறேன். உலகத்தில் முதன்முதலாகக் கடையில் விற்ற ரிட்டார்ட் உணவு 'பான் கறி' என்கிற ஜப்பானியக் குழம்பு. ஒட்சுகா நிறுவனம் 1968 பிப்ரவரியில் ஒசாகா, கோபே பக்கம் மட்டும் கொண்டுவந்தது. அவர்கள் குழுமம் ஏற்கெனவே மருத்துவமனைக்கு சலைன் தயாரித்து வந்தது. அந்தச் சூட்டில் கிருமி கொல்லும் பழக்கம் கறிக்குக் கைகொடுத்தது.

முதல் பை ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. வெளிச்சமும் ஆக்சிஜனும் உள்ளே போய்ச் சுவையைக் கெடுத்தன. மறு வருஷம் நடுவில் அலுமினியத் தாள் வைத்த பை வந்தது, ஆயுள் இரண்டு வருஷம் ஆனது. அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க விற்றார்கள். அண்ணாச்சி, உங்கள் பையிலும் அந்த மெல்லிய அலுமினிய அடுக்கு இருக்குமே, அது அங்கே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

மறுபடியும் தூத்துக்குடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ஆமாம், தேங்காய் அரைத்துத்தான் ஊற்றுகிறோம், அதுவும் நல்ல கெட்டியாக. உங்கள் கேள்வியைப் படித்ததும் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பயிற்சியில் நாங்கள் அளந்தது அவர்கள் வைத்த நீர்த்த குழம்புக்குத்தான். அப்புறம் ஒரு நாளும் தூங்கவில்லை.

தெரிந்தவர் மூலம் தெர்மோகப்பிள் ஏற்பாடு செய்து அளந்தோம். என் குழம்புக்கு நேரம் கணிசமாகக் கூட்ட வேண்டியிருந்தது. கூட்டியதும் சீலாத் துண்டு உதிரத் தொடங்கியது, தேங்காய்ப்பால் கறுத்தது. இப்போது துண்டைத் தடிமனாக வெட்டி, லேசாக வறுத்துப் போடுகிறேன். தேங்காயைக் குறைத்துப் பூண்டையும் புளியையும் கூட்டியிருக்கிறேன். அம்மா சுவைத்துப் பார்த்து, "நம்ம வீட்டுக் குழம்பு இல்ல, ஆனா நல்லாருக்கு" என்றார்கள்.

ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் சில பைகளை 37 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, ஒன்றும் உப்பவில்லை என்று பார்த்த பிறகே மற்றதை வெளியே விடுகிறோம். அந்த இரண்டு வாரம் பணம் முடங்கிக் கிடக்கும், வேறு வழியில்லை. விளிம்பு துடைக்க மட்டும் ஒரு அக்காவைத் தனியாக உட்கார வைத்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் முடிந்தது கடைக்குப் போய்ச் சேர்வதுதான் கஷ்டம் என்று கிருஷ்ணகிரி ஐயா சொன்ன டப்பா விஷயம் எனக்கும் பொருந்தும். கடையில் வாடிக்கையாளர் முதலில் கேட்பது, "ஒரு வருஷம் கெடாதுன்னா உள்ள என்ன போட்டிருக்கீங்க?" என்றுதான். குக்கர் உதாரணம் சொன்னால் பெண்கள் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். அதையே பையின் பின்பக்கம் அச்சடிக்க நினைத்தேன். அச்சு உருளைக்கும் அச்சடித்த பைத்தாள் ரோலுக்கும் சேர்த்துக் கேட்ட தொகை என் மூன்று மாதக் கூலிச் செலவு. அதனால் இப்போதைக்கு வெற்றுப் பையில் ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறோம்.