இருவர் இழுக்கும் ரம்பம் பாதி மரத்தில் சிக்குகிறது

வாஷிங்டன் மாநிலம், பசேட்டன் காட்டில் பாதை சீரமைப்புக் குழுவில் இருக்கிறேன். 1964 வில்டர்னஸ் சட்டப்படி (இயற்கைக் காடுகளைக் காக்கும் சட்டம்) இங்கே செயின்சா, அதாவது மோட்டார் ரம்பம், கூடாது, எல்லாம் கைரம்பம்தான். எங்களுடையது ஐந்தரை அடி, ஈட்டிப்பல் (வெட்டுப் பற்களுக்கு நடுநடுவே சீவலை வாரும் பல் உள்ள வகை), பழைய சரக்கு. போன வாரம் வெளியே கொடுத்து அரம் போட்டு வந்ததிலிருந்து, விழுந்து கிடக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்தில் பாதி ஆழம் போனதும் இழுக்கவே வரவில்லை.

மண்ணெண்ணெய் விட்டுப் பிசினைத் துடைத்தாயிற்று. ஆப்பும் அடித்தாயிற்று, வெட்டுவாய் திறந்தேதான் இருக்கிறது. ஆள் மாற்றியும் பார்த்தோம். தூளாகக் கொட்டினால் பல் மொட்டை என்று விட்டுவிடலாம். வருவதோ நீளச் சுருள், ஆனால் ஓரமெல்லாம் பிசிறு, பூனை மீசை மாதிரி. அதுதான் குழப்பம்.

திங்கட்கிழமை கோவேறு கழுதைகளோடு மேல் முகாமுக்குக் கிளம்புகிறோம், அங்கே சிக்னல் கிடையாது. சீவலை வாரும் பல்லை இன்னும் தாழ்த்த வேண்டுமா, இல்லை வெட்டுப் பல்லைப் பக்கவாட்டில் விரிக்க வேண்டுமா?