எதிர் மாடியில் டவர், காதில் சூடாகும் போன்: எதற்குப் பயப்படுவது?

பெரம்பூர்_அம்மா:
எதிர்வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி போன மாதம் டவர் வைத்துவிட்டார்கள். மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அவள் படுக்கும் அறை ஜன்னல் நேரே அந்தப் பக்கம்தான். ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்தியதில் ஜன்னலைச் சாத்திவிட்டு அவளை உள் அறைக்கு மாற்றிவிட்டேன். அங்கே சிக்னல் ஒரே கோடு. மாப்பிள்ளையிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால் காது சிவந்து, தொட்டால் சுடுகிறது. போனின் கதிர்வீச்சு அளவைக் காட்டும் *#07# அடித்துப் பார்த்ததில் தலைக்கு 1.19 என்று வந்தது. அதிகமா? போனை மாற்றிவிடலாமா?

கிண்டி_ஆன்டெனா:
அம்மா, ஆன்டெனா மாட்டுவதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன். அந்த எண் உடம்பு உறிஞ்சும் அலை ஆற்றலின் அளவு (SAR); 1.19 வரம்புக்குள்தான் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டில் கிலோவுக்கு 1.6 வாட்தான் உச்சம், அதுவும் ஒரு கிராம் திசுவுக்குச் சராசரி பார்த்து. ஐரோப்பாவில் 2 வாட் வரை போகலாம், பத்து கிராமுக்குச் சராசரி. ஆனால் அந்த எண் போனை முழு பவரில் ஓடவிட்டு ஆய்வகத்தில் அளந்தது, வீட்டில் பேசும்போது அவ்வளவு வருவது அபூர்வம். எவ்வளவு பவரில் பேச வேண்டும் என்று போனுக்கு டவர்தான் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்கும். சிக்னல் நன்றாக இருந்தால் போன் முணுமுணுக்கும், ஒரு கோடு என்றால் தொண்டை கிழியக் கத்தும். லிஃப்டிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் பேட்டரி சீக்கிரம் இறங்குவது இதனால்தான். நீங்கள் மகளை மாற்றியது போன் அதிகமாகக் கத்துகிற அறைக்கு.

டவரைப் பற்றி: மெரினா கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றால் வெளிச்சம் நம் மேல் விழுமா? ஆன்டெனாவும் அப்படித்தான், அலைக் கற்றை முன்னால் தூரமாகப் போகும், லேசாகத்தான் கீழே சாய்ந்திருக்கும். உங்கள் வீடு எந்த மாடி?

பெரம்பூர்_அம்மா:
நாங்கள் முதல் மாடி தம்பி. டவர் இருப்பது மூன்று மாடிக்கு மேலே.

கிண்டி_ஆன்டெனா:
அப்படியென்றால் கற்றை உங்கள் தலைக்கு மேல் போய்விடும். 2012-இல் வந்த விதியில் டவருக்கும் வரம்பு உண்டு, 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், உலக வழிகாட்டுதலான 4.5-இல் பத்தில் ஒரு பங்கு. சந்தேகம் தீரவில்லையென்றால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் இடத்தைக் கொடுத்து அந்த டவரின் விவரத்தைப் பாருங்கள். கட்டணம் கட்டினால் அளந்தும் காட்டுவார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

மடிப்பாக்கம்_நர்ஸ்:
அக்கா, காது சுடுவதற்கு அலை காரணமில்லை, பெரும்பாலும் பேட்டரியும் உள்ளே இருக்கும் சிப்பும்தான். போனின் கண்ணாடித் திரையை அரை மணி நேரம் கன்னத்தோடு அழுத்திப் பிடித்தால் வியர்த்துச் சிவக்கத்தானே செய்யும். இந்த அலைகளுக்கு எக்ஸ்ரே போல மரபணுவை உடைக்கும் ஆற்றல் கிடையாது. ‘புற்றுநோய்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது எதைப் பிடித்துக்கொண்டு என்றால், 2011-இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘2பி’ வகையில், அதாவது ‘இருக்கலாம், உறுதியான சான்று இல்லை’ என்ற வரிசையில் வைத்தது. அதற்குப் பிறகு அதே அமைப்பு கேட்டுச் செய்த பெரிய ஆய்வுத் தொகுப்பு 2024-இல் வந்தது, போன் பேசுவதற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. இதைத்தான் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை, எனக்கு அதில் நிஜமாகவே கோபம் வரும். வயிற்றுப் பிள்ளைக்காரியை இப்படிப் பயமுறுத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறார்களே.

மனசு ஆறவில்லையென்றால் இயர்போன் மாட்டிப் பேசச் சொல்லுங்கள், போன் தலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனாலே அளவு மளமளவென்று குறைந்துவிடும். தலையணைக்கடியில் போன் வேண்டாம், சார்ஜில் இருக்கும்போது சூடு வெளியேற வழியிருக்காது.

பெரம்பூர்_அம்மா:
நேற்று ராத்திரி ஜன்னலைத் திறந்து அங்கேயே நாற்காலி போட்டு, இயர்போனோடு பேச வைத்தேன். மூன்று கோடு வந்தது, போன் மடியில் சூடேறாமல் இருந்தது. புது போன் வாங்க வைத்த பணம் வளைகாப்புக்குப் போகிறது. காற்றும் நன்றாக வருகிறது அந்த அறையில்.