வெற்றிடம் வேண்டாம், 'வெற்றுக்குறி' சரிவருமா?

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கோப்பில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற இடைவெளி, டேப் போன்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் ஒயிட்ஸ்பேஸ் என்கிறார்கள்; நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'வெற்றிடம்' போதும் என்று குழுவில் அண்ணன் ஒருவர் முடித்துவிட்டார், 'வெண்வெளி'க்கும் இரண்டு பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. வெண்வெளி அச்சுத்தாளுக்குச் சரி, என் திரையோ கறுப்பு. வெற்றிடம் என்றால் அங்கே ஒன்றுமே இல்லை என்றாகிறது, வம்பே அதில்தான்.

போன மாதம் நான் பட்டதைக் கேளுங்கள். தோட்டத்துப் பெரியவர்கள் பேசியதை எக்ஸ்எம்எல்லில் (உரையின் பகுதிகளை டேக் என்னும் பெயர்க்குறிகளுக்குள் வைக்கிற கோப்பு வடிவம்) போட்டு, வட்டாரச் சொல் ஒவ்வொன்றையும் தனி டேக்குக்குள் வைத்திருந்தேன். "விடியற்காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவார்" என்று ஒரு வரி (பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கிற கூட்டம், கங்காணி என்றால் மேற்பார்வையாளர்). பெரட்டில் ஒரு டேக், கங்காணி அடுத்த டேக், நடுவே ஒரே ஒரு இடைவெளி. கோப்பை அழகாக அடுக்கித் தருகிறேன் என்று வந்த கருவி அந்த இடைவெளியைத் தின்றுவிட்டது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து கேட்கிறான்: "அங்கிள், பெரட்டில்கங்காணின்னா பெரிய கங்காணிக்கு மேலயா கீழயா?"

1998-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதிமுறை இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒயிட்ஸ்பேஸ் என்றால் இடைவெளி, டேப், வரி முடிவுக்கான இரண்டு, ஆக நான்கு எழுத்துகள். மொத்தத்துக்கும் 'இடைவெளி' என்று பெயர் வைத்துவிட்டால் நான்கில் முதலாவதை என்னவென்று கூப்பிடுவது? டேக் முதலான குறியீடு அல்லாத எழுத்து எல்லாவற்றையும் பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கிற நிரல்), தன்னைப் பயன்படுத்தும் செயலியிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும். வரி முடிவில் இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றாக்கிக் கொடுக்கும். டிடிடி (எந்த டேக்குக்குள் எது வரலாம் என்கிற விதிப்பட்டியல்) வைத்துச் சரிபார்க்கிற பார்சர், உறுப்புகள் (டேக்கோடு கூடிய பகுதிகள்) மட்டுமே வரக்கூடிய இடத்தில் இருக்கிற ஒயிட்ஸ்பேஸ் எழுத்துகள் எவை என்று கூடவே சொல்லும். சொல்லத்தான் செய்யும், எறியாது. எறிவது அடுத்து வருகிற கருவி.

செம்பனை (பாமாயில் தருகிற எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் நிரைகளுக்கு நடுவே இருப்பதையும் வெளியூர்க்காரர் காலி இடம் என்றுதான் சொல்வார். ஒன்று குலை தூக்கிப் போகிற பாதை, அடுத்தது வெட்டிய மட்டையை அடுக்குகிற இடம்.

அதனால் 'வெற்றுக்குறி'. கண்ணுக்கு வெற்று, ஆனாலும் ஒரு குறி. வாக்கியத்துக்குள் வருவது 'பொருளுள்ள வெற்றுக்குறி', அழகுக்காகத் தள்ளி எழுதியது 'அடுக்கு வெற்றுக்குறி'. ஒயிட்ஸ்பேஸை அப்படியே விட்டுவிடு என்று கருவிகளுக்குச் சொல்ல எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ் பண்பில் 'ப்ரிசர்வ்' என்று எழுதுவதற்கு 'வெற்றுக்குறி காத்தல்' பொருந்தும் என்று நினைக்கிறேன், அதையும் எல்லாக் கருவியும் மதிப்பதில்லை என்பது வேறு கதை.

ஒன்று மட்டும் கவனம். வேர்டிலிருந்து ஒட்டும்போது கூடவே வருகிற பிரியா இடைவெளி (இரு சொல்லை வரி உடையாமல் பிடித்து வைக்கிற 'நோ-பிரேக் ஸ்பேஸ்') இந்த நான்கில் சேராது, பட்டியலில் அதை வெற்றுக்குறியின் கீழ் போட்டுவிடாதீர்கள். 'குறி' என்றால் கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று அண்ணன் கேட்பார், அதற்குப் பதில் என்னிடம் இல்லை. வேறு நல்ல சொல் இருந்தால் கொடுங்கள், 'இடம்' என்று மட்டும் முடியவேண்டாம்.